காலியான வளைகள்

அலுவலகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை. தெள்ளக்கா என்றால்தான் தெரியும். சுகாதாரத் துறையில் அவளுக்குத் தெள்ளுப்பூச்சி பிடிக்கிற வேலை. நீளமான கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் காட்டெலி வளைக்குள் விடுவாள். மெல்லத் திருகி வெளியே இழுப்பாள். எலிதான் வந்துவிட்டதென்று உள்ளேயிருக்கும் தெள்ளுகள் துணியில் தொற்றிக்கொள்ளும். துணியோடு பையில் போட்டு முடிச்சிட்டு, பிளேக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவாள். கால்சட்டையை வெள்ளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு அவள் கரம்பு நிலத்தில் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்தால் தம்பிக்குச் சிரிப்பு தாங்காது.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்னு தேடுறியாக்கா?" என்பான்.

தம்பி ஊருக்கு வெளியே ஆடு வளர்த்தான். கிடையை ஒட்டிய மேய்ச்சல் நிலம் முழுக்க வளைகள். சினையாடு ஒன்று வளைக்குள் கால் சிக்கி எலும்பை முறித்துக்கொண்டது. ஆத்திரத்தில் விஷம் வாங்கிவந்து கண்ணில் பட்ட வளையிலெல்லாம் போட்டுவிட்டான். எலிகள் கூண்டோடு ஒழிந்தன. சேதி தெரிந்ததும் அவள் வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

"ஏன்டா, எலி செத்தா தெள்ளும் செத்துருமா? அதுக்குப் பசிக்காதா? வாசல்ல வந்து உக்காந்துட்டு எவன் வருவான்னு பாக்கும். மொதல்ல தெள்ளுக்கு மருந்து தூவணும், அப்புறந்தான் எலிய அடிக்கணும்."

"போட்டது போட்டாச்சு. இப்ப என்னங்கற?"

"நான் மருந்தோட வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் கால வைக்காத."

"அப்ப ஆட்ட யாரு மேய்ப்பா, நீயா?"

அவள் கம்பியை எடுத்து ஒரு வளைக்குள் விட்டாள். வெளியே வந்த துணி எள்ளைக் கொட்டினதுபோல் கறுத்திருந்தது. இத்தனை வருஷ வேலையில் அப்படி அவள் பார்த்ததில்லை. தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் மறுநாள் ஆடுகள் பசியில் கத்தியபோது அவற்றை அங்கேதான் ஓட்டிப்போனான்.

கிடங்கில் மருந்துப்பொடி தீர்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வரவழைக்க அவள் அலைந்துகொண்டிருந்தபோதே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. காலில் முள் குத்தினால் நெறி கட்டுவது உலகத்தில் நடக்கிறதுதானே என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். அக்காவிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள் என்று மனைவியின் வாயையும் அடைத்துவைத்தான். அக்காவுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பிளேக்கா இருக்கும் சார், அவன் நெலத்துல தெள்ளு மொய்க்குது" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னாள். டாக்டர் மறு கேள்வி கேட்காமல் ஊசியைப் போட்டார். நோய் முந்திக்கொண்டது. விடிந்ததும் உடலைப் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக்கூடத் திறக்கவிடவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் தம்பி மனைவி முற்றத்தில் அவளை வழிமறித்தாள்.

"உங்க வேலையே அதுதான அண்ணி? துணியில ஒட்டிட்டு வந்து எங்க வீட்டுல விட்டுட்டீங்க."

தம்பி நிலத்துத் தெள்ளுகளில்தான் கிருமி இருந்ததென்று பிறகு ஆய்வகம் சொன்னது. தாலியறுத்து நிற்பவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது? நோய் தொற்றாமலிருக்கத் தரும் மாத்திரைகளை மட்டும் தெள்ளக்கா நீட்டினாள். வாங்கியவள் அவள் கண்ணெதிரிலேயே குப்பையில் வீசினாள். அலுவலகத்திலிருந்து வேறு ஆட்கள் கொண்டுபோய்க் கொடுத்தும் கதவு திறக்கவில்லை.

மருந்துப்பொடி வந்ததும் வளை வளையாகத் தூவிக்கொண்டே வந்தவளுக்குப் பட்டியில் ஆடுகள் விடாமல் கத்துவது கேட்டது. வெயில் ஏறியும் அவற்றை யாரும் அவிழ்த்துவிடவில்லை. வீட்டுக் கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டிப் பார்த்தாள், கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் கடப்பாரையால் நெம்பினாள். தம்பி மனைவி தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு கை அக்குளைப் பொத்தியிருந்தது.

"தொடாதீங்க."

"திட்டிக்கிட்டே வா. வண்டியில ஏறினப்புறமும் திட்டு."

"நானும் அவரோட போயிடுறேன், விடுங்க."

"அவனத்தான் விட்டுட்டேன். ஒன்னையும் விடணுமா?" அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அழுதுகொண்டே தூக்கினாள்.

அந்தமுறை மருந்து முந்தியது. தம்பி மனைவி பிழைத்து எழுந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தவரை தெள்ளக்கா கொண்டுபோன கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

உடம்பு தேறியதும் ஆடுகளை விற்றுவிட்டுத் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை தெள்ளக்காவும் போனாள்.

"அவரு நெலத்துல மருந்து போட்டாச்சா அண்ணி?"

"போட்டாச்சு."

"எல்லா வளையிலயுமா?"

"ஒண்ணு விடாம."

தம்பி மனைவி தலையாட்டினாள். பஸ் வந்தது. மூட்டையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஏறிப்போனாள்.