சீதன வீட்டுக்குக் குடிவந்தவர்கள்

ஒரு விடுகதையோடு தொடங்குகிறேன். விடையை உடனே பாராமல் ஒருமுறை யோசியுங்கள். கட்டுவித்தவர் அதற்குள் படுப்பதில்லை. படுப்பவர் அதன் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்க வேண்டும். இவர்கள் இருவரும் அதற்காக முறுகிக்கொண்டிருக்க, அதுவோ இன்னும் கலியாணம் பேசாத ஒரு பெண்ணுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. அது என்ன?

வாடகைக்கு விட்ட சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் நல்ல வீடுகளில் பெரும்பாலானவை யாரோ ஒரு பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று கட்டியவை. பிள்ளை வளரும் மட்டும் பூட்டி வைத்தால் கறையான் ஏறும் என்று வாடகைக்கு விடுவார்கள்.

நான் நொத்தாரிசாக இருந்தவன். இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருக்கும் நாளில், அவர்கள் கோபித்துக்கொள்ளப் போகும் நாளுக்கு வேண்டியதை எழுதி வைப்பதுதான் நொத்தாரிசின் தொழில். வீடு விட்டவர்களே, வீடு எடுத்தவர்களே, நீங்கள் பட்ட பாடெல்லாம் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் இணுவிலில் எழுதிய ஒரேயொரு குத்தகையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் உங்கள் வீடும் இருக்கும்.

எலும்பும் தோலும்

வீட்டுக்காரியின் பெயர் அன்னப்பிள்ளை. புருஷன் காலமான பிறகு தோட்டம், இரண்டு வீடு, இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாவற்றையும் தனியே நின்று பார்த்தவர். மூத்தவள் இராசம்மாவுக்குக் கலியாண வயது நெருங்கியிருந்தது. இளையவள் கமலம் சின்னப் பிள்ளை. மூவரும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அடுத்த வளவில் இருந்த மற்ற வீட்டை வாடகைக்கு விட வந்திருந்தார். எடுக்க வந்தவர் தபால்கந்தோர் மாஸ்ரர் நல்லதம்பி. கூடவே அவர் மனைவி செல்லம். கலியாணமான நாள் தொடங்கி மாஸ்ரரின் இடமாற்றங்களுக்குப் பின்னால் ஊர் ஊராகப் பெட்டி கட்டியவர் செல்லம். இனி மாஸ்ரருக்கு எங்கே மாற்றம் வந்தாலும் அவர் தனியே போகட்டும், தானும் பிள்ளைகளும் இணுவிலை விட்டு அசைவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எழுதுவதற்கு முன் நான் எப்போதும் சொல்லும் விளக்கத்தைச் சொன்னேன். வீட்டுக்கு எலும்பும் உண்டு, தோலும் உண்டு. சுவர், கூரைமரம், கிணற்றுக் கட்டு, தண்ணீர் இறைக்கும் துலாமரம் ஆகியவை எலும்பு. அவை பழுதுபட்டால் சொந்தக்காரர் பார்க்க வேண்டும். சுவரின் வெள்ளை, கதவின் பிணைச்சல், கிணற்றுக் கயிறு, வாளி ஆகியவை தோல். அவை தேய்ந்தால் பாவிக்கிறவர் பார்க்க வேண்டும். மாஸ்ரர் விறாந்தையில் மணிக்கூடு மாட்ட ஓர் ஆணி வேண்டும் என்றார். ஆணி எலும்புக்குள் போவதால் அது தன் அலுவல் என்றார் அன்னப்பிள்ளை. கடைசியில், மணிக்கூட்டுக்கு ஓர் ஆணி, அது எங்கே என்பதை வீட்டுக்காரி காட்டுவார் என்று ஒரு வரி எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வரி. ஆண்டுக் குத்தகை, இரு பகுதியும் மறுக்காவிட்டால் அப்படியே தொடரும். ஆனால் இந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டி வந்தால், மூன்று மாத அறிவித்தலோடு குடியிருப்பவர்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். சட்டப்படி உரக்க வாசித்து, விளங்குகிறதா என்று கேட்டேன். மாஸ்ரர் தலையாட்டினார். செல்லம் அன்னப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

“மூத்த பிள்ளைக்குச் சாதகம் ஏதும் பொருந்தியிருக்கோ, அக்கா?”

வேலிப் பொட்டு

இரண்டு வளவுக்கும் நடுவில், பின்னிய தென்னோலைக் கிடுகால் அடைத்த ஒரு வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. எங்கள் ஊர்களில் தெருவாசல் படலையால் வருபவர் விருந்தாளி. பொட்டால் வருபவர் வீட்டு ஆள். அன்னப்பிள்ளை பொட்டால்தான் வருவார். காலையில் முற்றம் கூட்டியிருக்கிறதா என்று பார்க்க வருவார், மத்தியானம் அடுப்புப் புகை குசினிச் சுவரைக் கறுப்பாக்குகிறதா என்று பார்க்க வருவார். ஒருநாள் மாஸ்ரர் துவாயோடு கிணற்றடியில் நிற்கும்போதும் வந்துவிட்டார்.

வேலி அடைக்கும் காலம் வந்ததும் மாஸ்ரர் பொட்டையும் சேர்த்து அடைப்பித்துவிட்டார். வேலி அடைப்பது குடியிருப்பவரின் கடமை என்று குத்தகை உறுதிப்பத்திரத்தில் இருக்கிறது, அதைத்தான் செய்தேன் என்றார். அன்னப்பிள்ளை புதுக் கிடுகை இழுத்துப் பிரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு பக்கமும் தன்னுடைய நிலம், நடுவில் அடைக்க இவர் யார் என்று கேட்டார்.

நான் இருவரையும் இருத்திச் சொன்னேன். வீடு அன்னப்பிள்ளையுடையது, ஆனால் குத்தகை ஓடும் வரை அதற்குள் நிம்மதியாக இருக்கும் உரிமை மாஸ்ரருடையது. சொந்தக்காரர் பார்க்க வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டும். பொட்டு இருக்கட்டும், நோய் நொடிக்கு ஓடிவர உதவும். ஆனால் இந்தப் பக்கம் காலை வைக்குமுன் அந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அன்னப்பிள்ளை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“என்ரை வளவுக்குள்ளை வர என்ரை வேலியடியிலை நிண்டு நான் கூப்பிடோணுமோ? சரி, கூப்பிடுறன். ஆனா மெல்லமாக் கூப்பிட எனக்கு வராது, இப்பவே சொல்லிப்போட்டன்.”

துலா முறிந்தது

அடுத்த கோடையில் வாடகை வீட்டுக் கிணற்றுத் துலா முறிந்தது. துலா எலும்பு; ஆகவே சொந்தக்காரி புதிதாகப் போட வேண்டும். ஆனால் அன்னப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். மாஸ்ரர் நீர்வேலிக்குப் போய்வந்தபோது வாழைக்குட்டிகள் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டிருந்தார். அவை ஆள் உயரத்துக்கு மேலே கொழுகொழுவென்று நின்றன. வீட்டுப் பாவனைக்கு என்று கொடுத்த துலாவைத் தோட்டத்துக்கு இறைத்து முறித்துவிட்டார், ஆகவே முறித்தவர்தான் போட வேண்டும் என்பது அவருடைய வழக்கு.

அது நியாயமான கேள்விதான். ஒரு பொருளை எதற்கென்று வாடகைக்கு வாங்கினோமோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும். அதற்கு மேல் பாவித்துக் கெட்டால் பொறுப்பு பாவித்தவருக்கு. நானே போய்க் கிணற்றடியைப் பார்த்தேன். வாழைக்கு வாய்க்கால் எதுவும் வெட்டியிருக்கவில்லை. குளிக்கும் கல்லிலிருந்து தண்ணீர் தானாக ஓடி வாழையடிக்குப் போனது. துலாவும் உள்ளுக்குள் உளுத்திருந்தது. புதுத் துலா அன்னப்பிள்ளையின் பொறுப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. தீர்ப்பைக் கேட்டு அவர் முகம் கோணியபோது, மாஸ்ரர் பணிவாக ஒரு விளக்கம் கொடுத்தார்.

“வாழைக்கு நான் தண்ணி இறைக்கேல்லை அக்கா. நான் குளிச்சன், அது குடிச்சுது.”

முதற்குலையில் பாதிச் சீப்புகள் பொட்டால் அடுத்த வளவுக்குப் போனதாகக் கேள்வி.

குடையோடு வந்தவர்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரையைப் பார்த்துப் பயப்படுவார்கள், மழையைப் பார்த்துப் பயப்படுவார்கள். செல்லம் பயந்தது அன்னப்பிள்ளையின் படலையைப் பார்த்து. யாராவது மடித்த வேட்டியும் குடையுமாக அந்தப் படலைக்குள் போனால், கலியாணத் தரகரோ என்று செல்லம் பொட்டடிக்கு ஓடுவார். ஒருநாள் அப்படி ஒருவர் போனார். அன்னப்பிள்ளை அவருக்குக் கதிரை போட்டு, வெற்றிலைத் தட்டம் வைத்து, குரலைத் தாழ்த்திக் கதைத்ததைச் செல்லம் பொட்டடியில் நின்று கண்டுவிட்டார். அன்னப்பிள்ளை குரலைத் தாழ்த்திக் கதைப்பதென்றால் சும்மா காரியமா?

மத்தியானம் சாப்பிட வந்த மாஸ்ரருக்குச் சோறு இல்லை. சட்டி பானை எல்லாம் வைக்கோல் சுற்றிச் சாக்குக்குள் போயிருந்தன. புத்தூரில் ஒரு வீடு இருக்கிறதாம், போய்ப் பாருங்கோ என்று செல்லம் அவரை வந்த காலோடு அனுப்பிவிட்டார். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அறிவித்தல் எழுத்தில் வராமல் யாரும் யாரையும் எழுப்ப முடியாது, முதலில் வீட்டுக்குப் போய்ச் சோறு கேளுங்கள் என்று அனுப்பினேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று, அடுத்த நாள் வேறு அலுவலாக வந்த அன்னப்பிள்ளையிடம் விசாரித்தேன். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

“அந்த மனிசன் பாக்க வந்தது என்ரை பசுமாட்டை, ஐயா. அதுக்குக் கூட நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை.”

இரண்டு வீடு, இரண்டு பிள்ளை

உண்மையான தரகர் வந்ததைச் செல்லம் காணவில்லை. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை மலாயாவில் ரயில் இலாகாவில் வேலை. கலியாணம் முடிந்ததும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பலேறுவார். ஆனாலும் சீதன வீடு எழுத்தில் வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார். எந்த வீடென்றாலும் சரி, வாடகை வீட்டைத் தந்தால் மட்டும் ஆட்களை எழுப்பிவிட்டுத் தர வேண்டும், தன்னுடைய சொந்தக்காரர்களை அதில் இருத்தப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

சீதன உறுதி எழுத அன்னப்பிள்ளை கமலத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கமலத்துக்கு அப்போது ஒன்பது வயது. அறிவித்தலை நேரிலே வாசித்துக் கொடுக்கலாம் என்று மாஸ்ரரையும் செல்லத்தையும் நான் கூப்பிட்டிருந்தேன். எழுதத் தொடங்குமுன் குத்தகையின் பழைய வரியை மறுபடி வாசித்துக் காட்டினேன். இந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்தால்தான் குத்தகை முடியும். மூத்தவளுக்குத் தாய் இருக்கும் வீட்டைக் கொடுத்தால், குத்தகை தன்பாட்டில் ஓடும். அன்னப்பிள்ளை, மருமகன் வீட்டில் தான் எப்படி இருப்பது என்று கேட்டார். சாகும் வரை இருக்கும் உரிமையைத் தனக்கென்று ஒதுக்கி எழுதலாம், அப்படி எழுதினால் யாரும் எழுப்ப முடியாது என்று விளக்கினேன். ஆகவே இரண்டில் எதையும் எழுதலாம். எனக்குச் சம்மதம், சட்டத்துக்கும் சம்மதம்.

செல்லம் வாதாடவில்லை. சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, “போகச் சொன்னாப் போறம் அக்கா. இந்த முறை பெட்டியை நீங்கள் கட்டித் தாங்கோ. எனக்குக் கை வராது” என்றார்.

அன்னப்பிள்ளை கமலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மழைக்காலத்தில் பொட்டால் ஓடிவந்து கமலத்தின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழித்தது செல்லம் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆனால் அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அயலாருக்காகத்தான் எனக்கு இந்த வீட்டைத் தள்ளினாய் என்று ஒரு பிள்ளையும் பின்னாளில் சொல்லக்கூடாது. இராசம்மாவிடம் முன்னமே கேட்டிருந்தாராம். தங்கச்சி விரும்பினதை அவளுக்கு விட்டுவிட்டு மற்றதைத் தாருங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆகவே இனிக் கேட்க வேண்டியது சின்னவளை. தாயோடு இருக்கும் வீட்டைக் கமலம் கேட்டால், வாடகை வீடு இராசம்மாவுக்குப் போகும். செல்லம் மூன்று மாதத்தில் எழும்ப வேண்டும். வாடகை வீட்டை அவள் கேட்டால், அவளுக்குக் கலியாணம் நடக்கும் வரை அதில் வாடகைக்காரர் இருக்கலாம்.

“பிள்ளை, வடிவா யோசிச்சுச் சொல்லு. பேந்து மாத்தக் கூடாது. உனக்கு எந்த வீடு வேணும்?” என்றார் அன்னப்பிள்ளை. கமலம் என் மேசையில் இருந்த முத்திரைக் கடதாசியைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். செல்லம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்ரர் இருமினார்.

எத்தனையோ வழக்குப் பேசும் பிறக்கிராசிமாரும் நொத்தாரிசுமாரும் கூடி எழுதிய வரிகள் எல்லாம் ஒரு குடும்பத்தின் கூரையைக் கொண்டுபோய் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் வைத்துவிடும் என்று, வீடு எடுக்கும் அன்பர்களே, நீங்கள் எதிர்பார்க்கத்தான் வேண்டும். கமலம் வாடகை வீடுதான் தனக்கு வேண்டும் என்று சொன்னாள்.