பால் காய்ச்சின வீட்டுக்கு வராதவர்கள்

ஷூ கம்பெனியின் தையல் ஹாலில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடுகிற நேரத்திலும் அமிர்தவள்ளியின் குரல் கடைசி டேபிள் வரைக்கும் கேட்கும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள். ஆம்பூருக்கு வாக்கப்பட்டு வந்து, ஹெல்பராகக் கம்பெனிக்குள் நுழைந்து, இன்றைக்கு லைன் சூப்பர்வைசர். புருஷன் முத்துக்குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ரெண்டு பேர் சம்பாத்தியத்தில், பைபாஸுக்கு அந்தப் பக்கம் மனை போட்டு விற்ற ஒரு நகரில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். அப்போது அந்தத் தெருவில் விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு யார் புதிதாக வந்தாலும், லாரியிலிருந்து சாமான் இறங்குகிற அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு அமிர்தவள்ளி வீட்டிலிருந்துதான் போகும். குடம் தண்ணீர், சாம்பார் சோறு, ஒரு பொரியல். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வேண்டாமென்றும் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. தெருவின் நலச்சங்கச் செயலாளர் செங்கல்வராயன் குடும்பமும் முதல்நாள் அவள் சோற்றைச் சாப்பிட்டுத்தான் கழற்றிக் கொண்டுவந்த கட்டிலை மாட்டினார்கள்.

போன தை மாதம் அவள் வீட்டுக்கு எதிர் வீடு கைமாறியது. வாங்கினவன் ஜீவா. தோல் ஷாப்பில் வேலை. பச்சைத்தோல் வந்து இறங்கியதும் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, டிரம்மில் போட்டுப் பதனிடுகிற பகுதியில் அவன் மேஸ்திரி. அவன் மனைவி சோபனா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரெண்டு பேரும் தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறோம், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று சாயங்காலம் விருந்து வைத்திருக்கிறோம், எல்லாம் சைவம்தான், அவசியம் வரணும் என்று அழைத்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் தட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வர்றோம் என்றார்கள். கூடவே ஒவ்வொரு வீட்டிலும், சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, எந்தப் பக்கத்து ஆளுங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சாதியை வாயால் சொல்லாமலே சாதியைக் கேட்கிற கேள்வி அது. ஜீவா ஒளிக்கவில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற காலனியில் பிறந்து வளர்ந்தவன் என்று எல்லார் வீட்டு வாசலிலும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அமிர்தவள்ளி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து சோபனாவோடு கூடமாட நின்றாள். பந்தலில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வாசலில் ஒரு மேஜை, அதில் சந்தனக் கிண்ணம், கல்கண்டு. சமையல்காரர் வெஜிடபிள் பிரியாணியும் கேசரியும் வடையும் செய்து முடித்துவிட்டு, எப்போது பந்தி போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜீவாவின் சொந்தக்காரர்கள் காலையிலேயே வந்து போயிருந்தார்கள். இது தெருக்காரர்களுக்கான விருந்து.

ஐந்து மணி ஆனது. ஆறு ஆனது. வெள்ளைச் சட்டையில் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜீவா, தெருவில் யார் நடந்து வந்தாலும் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவர்கள் செல்போனைப் பார்த்தபடி தாண்டிப் போனார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குமா அன்றைக்கு ஒழியவில்லை? டிவி ஓடுகிற சத்தம் வாசல் வரைக்கும் வருகிறதே? போன மாசம் இதே தெருவில் ஒரு நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். அதற்குப் போகாத ஆளில்லை.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு நேராகச் செங்கல்வராயன் வீட்டுக்குப் போனாள். அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். மனைவி பங்கஜம் அடுப்படிக் கதவோரம் நின்றாள்.

"வர்றோம்னு தட்டு வாங்கினீங்களே சார், ஏன் வரல?"

அவர் முதலில் உடம்பு சரியில்லை என்றார். பிறகு தெருவில் எல்லாரும் பேசி வைத்ததுதான் என்றார். நாளைக்குப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அக்கம்பக்கம் யார் என்று கேட்பார்களாம். மனையின் மதிப்பு இறங்கிவிடுமாம். கடைசியில், தோல் ஷாப்காரர்கள் மேல் அடிக்கிற வாடை தெருவுக்கே வரும் என்றார்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வாடையைப் பற்றிப் பேசுகிறாரே என்று அமிர்தவள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மகன் கார்முகிலன் ஷூ கம்பெனிகளுக்குச் சோல் சப்ளை செய்கிறான். மேல்மாடியைக் கம்பெனி ஸ்டாஃபுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

"ஜீவா சுண்ணாம்புல எறங்கி நின்னு ஊற வெச்ச தோலைத்தான் சார் நான் தைக்கிறேன். அதுக்குத்தான் உங்க மவன் சோல் விக்கிறாரு. நீங்க கட்டின மாடியில இல்லாத வாடை, அவன் சட்டையில மட்டும் இன்னா வாடை? வாடைன்னு ஏன் சொல்றீங்க? சாதின்னு சொல்லுங்க. அதைச் சொல்ல வாய் வரலையில்ல?"

பங்கஜம் தரையைப் பார்த்தாள். அமிர்தவள்ளி விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

அந்த நேரம் பார்த்து கம்பெனி வேன் தெருமுனையில் திரும்பியது. ஷிஃப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் அங்கேதான் வளைத்துப் போகும். அவள் நடுரோட்டில் நின்று கையை நீட்டினாள். டிரைவர் பிரேக் போட்டார். அவள் படியில் ஏறி நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னாள். புதிதாகக் குடிவந்தவர்கள் விருந்து வைத்திருக்கிறார்கள், தெருவே பேசி வைத்துக்கொண்டு போகாமல் இருக்கிறது, இஷ்டப்பட்டவர்கள் இறங்கலாம் என்றாள்.

முதலில் இறங்கினவள் அம்பரீன், மெஷின் ஆபரேட்டர். அவள் பின்னால் வேன் மொத்தமும் இறங்கியது. கழுத்தில் கம்பெனி அட்டையும் கையில் டிபன் கேரியருமாக அந்தப் பெண்கள் தெரு நடுவில் பேசிக்கொண்டே நடந்து வந்து, மேஜையில் சந்தனம் எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டிரைவரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். ஜீவா ஓடி ஓடி இலை போட்டான். அன்றைக்கு ரெண்டு பந்தி நடந்தது. தெருவில் பாதி வீட்டு ஜன்னல்கள் ஒரு விரல் அளவுக்குத் திறந்து மூடின.

சோபனா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபிறகு, பாத்திரம் எடுத்து வைத்தபடி அமிர்தவள்ளியிடம் சொன்னாள்.

"நீங்க செஞ்சதுக்கு ரொம்ப நன்றிக்கா. ஆனா எனக்கு ஆறல. வர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அது அவங்க புத்தின்னு விட்டிருப்பேன். வர்றேன்னு சொல்லி இவரை அவ்ளோ நேரம் வாசல்ல நிக்க வெச்சாங்களே, அதைத்தான் என்னால மறக்க முடியாது."

அந்தக் கோபத்துக்குச் சமாதானம் சொல்லத் தெருக்காரியான தனக்கு யோக்கியதை இல்லை என்று அமிர்தவள்ளிக்குத் தோன்றியது. மறுநாள் அவளை நலச்சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பேஜார் விட்டது என்றாள் புருஷனிடம். ஆனால் கம்பெனியில் அன்றைக்கு முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெயில் காலம் வந்தது. செங்கல்வராயனுக்குக் காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்கஜம் கொல்லைப்பக்கமாக, சந்து வழியாக, சோபனா வீட்டுக்கு வந்தாள். அமிர்தவள்ளி அங்கே கருவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் பங்கஜம் தயங்கினாள். பிறகு, வீட்டுக்காரருக்குக் கட்டுப் போட வர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அமிர்தவள்ளிக்குச் சுரீரென்று ஏறியது. இன்னா துணிச்சல் என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் சோபனா எழுந்தாள்.

"கட்டு போடறது என் வேலை, போடறேன். ஆனா இந்த வழியா வந்து கேட்டா எனக்குக் காது கேக்காதுங்க. முன்வாசலுக்கு வந்து கூப்பிடுங்க."

பங்கஜம் வந்த வழியே திரும்பிப் போனாள். போனவள் போனவள்தான் என்று அமிர்தவள்ளி நினைத்தாள். ஆனால் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு, எல்லாரும் வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், முன்வாசலில் வந்து நின்று, "சோபனா" என்று கூப்பிட்டாள். கதவைத் திறந்தது ஜீவா. உள்ளே வாங்க என்றான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தாள். அன்றைக்கு வராததற்கு ஒரு வார்த்தை சொல்ல நினைத்தவள் போல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

சோபனா பையை எடுத்துக்கொண்டு அவளோடு போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்தாள். புண் ஆறுகிறவரை தினமும் போனாள். செங்கல்வராயன் இப்போது ஜீவாவைப் பார்த்தால் தலையசைக்கிறார்.

தெரு மாறிவிட்டது என்று முத்துக்குமார் சொன்னபோது அமிர்தவள்ளி ஒப்புக்கொள்ளவில்லை. தலையசைக்கிறதற்குப் புண் வர வேண்டியிருந்ததா என்று கேட்டாள். பிறகு சாம்பாரை எடுத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றினாள். தெருக்கோடி வீட்டுக்கு அன்றைக்குக் காலையில்தான் யாரோ லாரியில் சாமான் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.