பூனைக்கு மரியாதை கொடுத்தவர்

ஆரணி மாட்டாஸ்பத்திரியில் அந்தக் கம்பவுண்டரை நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஒல்லி உடம்பு, கையெல்லாம் பூனை கீறிய கோடுகள். எனக்கு முன்னால் வந்த நாயை "வாங்க, உக்காருங்க" என்றார். அதைக் கூட்டிவந்த ஆளைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு" என்றார்.

ஊர் சுற்றும் என் பூனைக்கு வயிறு உப்பியிருந்தது. பூச்சிதான் என்று பயந்து, ஒயர் கூடையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். ஆண்களிடம் பேச எனக்குக் கூச்சம். கூடையை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாங்க, காலைலதான மருந்து குடிச்சிட்டுப் போனீங்க?"

"நானா? இல்லீங்களே!"

"உன்ன கேக்கலம்மா, இவரக் கேட்டேன். பின் தெரு தறிக்கார அம்மா தூக்கினு வந்தாங்க. தறியில எலி பட்டு நூலக் கடிக்காம இவருதான் காவலாம்."

"இது என் பூனைங்க. தெனம் என் வூட்லதான் கருவாட்டுச் சோறு துன்னுது."

"அங்கயும் துன்றாரு. இது ஒரு வூட்டு வயிறு இல்லன்னு காலைலயே சொன்னேன். மறுபடி மருந்து குடுக்கக் கூடாது. ஒரு வூட்ல சோத்த நிறுத்தணும். எந்த வூட்ல?"

கூச்சம் எங்கே போனதோ, "அவங்க வூட்ல!" என்று கத்திவிட்டேன்.

"அந்தம்மாவும் இப்பிடித்தான் கத்துச்சி."

பிறகு கூடைக்குள் குனிந்து, "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். அவர் காத்திருந்ததைப் பார்த்து, நானும் பூனையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.