மாஸ்டரின் டயர் செருப்பு

எங்கள் வீட்டுப் பரணில், பழைய ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பின்னால், ஒரு ஜோடி டயர் செருப்பு நாற்பது வருடமாகச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. அதற்குச் சாவு கிடையாது. பரணைச் சுத்தம் செய்ய யார் ஏணியை எடுத்தாலும், "விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று முந்திக்கொண்டு ஏறிவிடுவேன். அது என் செருப்பு இல்லை. சைக்கிள் மாஸ்டருடையது.

கீழே இறங்காமல் ஏழு நாள் சைக்கிள் ஓட்டிக் காட்டுகிறவர்களை அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் இரண்டு குழாய், சுற்றிலும் தண்ணீர் தெளித்த மண்ணில் ஒரு வட்டம். அவ்வளவுதான் மேடை. எங்கள் மாஸ்டருக்குச் சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேல்தான். பிரேக்கும் மட்கார்டும் கழற்றிய அந்த வண்டியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஓட்டுவார். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்திலேயே அரைச் சுற்றுப் போவார். ஓடுகிற வண்டியில் இருந்து குனிந்து, மண்ணில் கிடக்கும் கைக்குட்டையைப் பல்லால் கவ்வுவார். முதல் நாள் ஏறும்போது செருப்பைக் கம்பத்தடியில் கழற்றி வைப்பார். ஏழாம் நாள் இறங்குகிற கால் நேரே அந்தச் செருப்பில்தான் விழ வேண்டும். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அந்த அக்கா மட்டும் தினமும் காலையில் அதன் மேல் படிந்த புழுதியைத் தட்டிவிடுவார்.

நான் மைக்காரன், ஆட்டத்துக்கு மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவன். இருபத்திமூன்று வயது. மைக்கைப் பிடித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மாஸ்டர் ஓட்டுவதற்கு வருகிற கைதட்டலில் பாதி எனக்குத்தான் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டிச் சங்கரன்கோவிலிலேயே ஆட்டம் அமைந்தது. என் சொந்த ஊர். முதல் நான்கு நாள் கூட்டம் நெரிந்தது. ஐந்தாம் நாள் கரிவலம்வந்தநல்லூர், இளையரசனேந்தல் ஆட்களெல்லாம் நேர்த்திக்காகக் கோயிலை வலம்வரும் ஆடிச்சுற்றுக்குப் போய்விட்டார்கள். மைதானத்தில் காற்றும் நாங்களும்தான். வெறும் தரையைப் பார்த்துப் பேசுவது மைக்காரனுக்குப் பெரிய அவமானம். என் வாய் சும்மா இருக்குமா? "நாளைச் சாயங்காலம் மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு பலகை மேல் ஓட்டுவார்! காணத் தவறாதீர்கள்!" என்று முழங்கிவிட்டேன். ஒரு காலத்தில் அவர் அப்படி ஓட்டியதாக அக்கா சொல்லக் கேட்டிருந்தேன். ஏன் விட்டார் என்று கேட்டதில்லை.

மாஸ்டர் வட்டத்தைச் சுற்றி வந்து என் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கினார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "ஏம்வே, கண்ணக் கட்டுனா தூங்கிருவேன்னு உமக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஐந்து நாள் இமை மூடாத மனிதனுக்கு இருட்டைக் காட்டினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. உடனே மைக்கில் மாற்றிச் சொல்லிவிடுவதாகக் கெஞ்சினேன். "மைக்குல சொன்னா ஊருக்குச் சொன்னது. இனி மாத்துனா நாளைக்கு எவன் நம்புவான்?" என்று அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் திரண்டது. இரண்டு தார் டின்களின் மேல் பலகை போட்டு, ஏறவும் இறங்கவும் சரிவு வைத்தாயிற்று. அக்கா கூடவே ஓடி, பெடலை மிதித்துக்கொண்டிருந்தவரின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார். பிறகு மூச்சு வாங்க என்னிடம் வந்தார். "தம்பி, வாய மூடிராதிய. உங்க சத்தம் கேட்டாத்தான் அவுக முழிச்சிருப்பாக."

பேசினேன். ஊர்ப் பெயர்களைச் சொன்னேன், பஸ் நேரங்களைச் சொன்னேன், மாஸ்டரைத் திட்டக்கூடச் செய்தேன். அவர் பலகையில் ஏறினார், இறங்கினார். கூட்டம் கத்தியது. இன்னும் ஒரே சுற்று. அப்போதுதான் ஆடிக்காற்றில் எங்கோ கம்பி உரச, கரண்டு போனது. என் குரல் காற்றோடு போயிற்று.

நான் அவர் பக்கத்தில் ஓடிக் கத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. மைக்காரன் புத்தி, குனிந்து மைக்செட் பெட்டியின் ஸ்விட்சைத் திருகினேன். மைக்கை ஊதினேன். நிமிர்ந்தபோது மாஸ்டரின் தலை நெஞ்சில் தொங்கியது. வண்டி சாய, இடது கால் மண்ணில் ஊன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு புழுதிச் சுழி எழுந்து கூட்டத்தின் கண்ணை மறைத்தது. மாஸ்டர் திடுக்கிட்டு, துணியைப் பிடுங்கி எறிந்து, பெடலை மிதித்தார். போன கரண்டும் வந்துவிட்டது.

ஈர மண்ணில் ஐந்து விரலும் பதிந்த தடம். நான் இரண்டு எட்டு வைத்து அதன் மேல் நின்றுகொண்டேன். "கால் படவில்லை! மாஸ்டர் கால் தரையில் படவில்லை!" என்று மைக்கில் அலறினேன். கூட்டம் விசிலடித்தது.

மாஸ்டர் ஒரு சுற்று முழுதாக ஓட்டினார். பிறகு கம்பத்தடிக்கு வந்து, வண்டியை நிறுத்தி, இறங்கினார். செருப்பில் காலை நுழைத்தார். ஆறு நாள் தொங்கிய கால் வீங்கியிருந்தது, நுழையவில்லை. வெறுங்காலோடு நின்று என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "கால் பட்டுட்டு. மன்னிக்கணும்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். செருப்பை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அதற்குப் பிறகு எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. 'சங்கரன்கோவிலில் கால் ஊன்றியவர்' என்ற பேர் அவருக்கு முன்னே போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூரில் சைக்கிள் கடை வைத்தார். பஸ் ஏறினால் எட்டிப் பிடிக்கிற தூரம். நான் போகவே இல்லை. அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, எந்த முகத்தோடு போவது? மைக்கையும் விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்துக்கொண்டேன்.

போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், மாஸ்டருக்கு உடம்பு முன்போல் இல்லை என்றார். அன்றே சாக்கைப் பிரித்து, செருப்பைத் துடைத்து, பஸ் ஏறினேன். அக்கா கதவைத் திறந்து, பையைப் பார்த்ததும் வழிவிட்டார். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாக. செருப்பை அவர் முன்னால் வைத்தேன். குனிந்து அதன் வாரைத் தடவினார்.

"தடத்து மேல நின்னது நீருதான?"

"ஆமா, மாஸ்டர். பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்." அழுதேன்.

மாஸ்டர் சிரித்தார். "நான் ஆறு நாள்தான் தாங்குனேன் வே. நீரு இந்தச் செருப்ப நாப்பது வருசம் கால் படாம வச்சிருந்திருக்கீரு."

அக்கா குனிந்து, பழைய வழக்கம்போல, செருப்பின் மேல் இல்லாத புழுதியைத் தட்டினார். மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தார். எலும்பும் தோலுமான கால். இப்போது நுழைந்தது, தொளதொளவென்று.