மூடியைச் சாத்தினால் பிசகும் சுருதி

ரிப்பேர் அக்காவுக்குப் பாட்டு வராது. பள்ளிக்கூடத்திலேயே, “நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்” என்று ஒதுக்கப்பட்டவள். அவள்தான் பழைய சின்தசைசர்களுக்குச் சுருதி சேர்க்கிறாள். காதால் அல்ல, மீட்டரால். எண் சரியாக வந்துவிட்டால் அவளுக்கு அது சங்கீதம்.

கீபோர்டு வாசிப்பதே பிழைப்பான அவளுடைய சொந்தத் தம்பிக்கு இது பொறுக்காது. தன் நாற்பது வருடச் சின்தசைசரைப் பார்த்து மூன்று கடைக்காரர்கள் கைவிரித்த பிறகே அக்காவிடம் வந்தான். மறுநாள் மாலை ஒலிப்பதிவு. சரியாகாவிட்டால் வாடகைக்குப் புதுசு எடுப்பான். அக்காவிடம் இனி ஒரு வயரைக்கூடத் தரமாட்டான். பின்னதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொன்னது.

அவள் மூடியைக் கழற்றி, வீங்கிய கெப்பாசிட்டர்களை மாற்றி, உள்ளே சுருதியைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகுகளைத் திருகி, ஒவ்வொரு ஸ்தாயியையும் மீட்டருக்கு முன் நிறுத்தினாள். இம்மி பிசகவில்லை. மூடியைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் தம்பி வந்து வாசித்தான். முதலில் தலையாட்டினான். கால் மணி நேரத்தில் முகம் கோணியது.

“மேல போகப் போகச் சுருதி ஏறுதுக்கா.”

“மீட்டர்ல நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சுடா.”

“அப்ப மீட்டரையே வாசிக்கச் சொல்லிடவா?”

மீட்டரை மாட்டினாள். அதுவும் கட்சி மாறித் தம்பி பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: நேற்று திருகியபோதெல்லாம் மூடி திறந்து கிடந்தது, தலைக்கு மேல் மின்விசிறி. மூடியதும் உள்ளே புழுக்கம், புழுக்கத்தில் சுருதி நழுவுகிறது. மூடி வைத்துத்தான் திருக வேண்டும். திருக வேண்டுமானால் திறக்க வேண்டும்.

ஒரு பெரிய கேக் பெட்டியைப் பிரித்து மூடியின் அளவுக்கு வெட்டி, திருகுகளுக்கு நேராக ஆறு துளை போட்டாள். அட்டையைப் போர்த்தி, விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்ட ஒரு மணி நேரம் காத்திருந்து, துளைக்குள் திருப்புளியை விட்டாள்.

“கேக் பெட்டிக்கு ஊசி போடுற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்.”

“பேசாம வாசிடா. மேல வரைக்கும் போ.”

அவள் மீட்டரையே பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கட்டையில் இருவரும் ஒன்றாக, “இங்க!” என்றார்கள். திருகு கால் சுற்றுச் சுற்றியது.

மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் வாசித்தும் நழுவவில்லை. பாராட்டும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. தம்பி சின்தசைசரின் ஒரு முனையைத் தூக்கினான்.

“அந்தப் பக்கம் பிடிக்கா. நீயும் வா. ஸ்டுடியோல ஏசிய வேற போட்டு வெச்சிருப்பாங்க. குளிர்ல இது என்ன ஆட்டம் ஆடுமோ?”

அக்கா திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.