சுண்டுவிரலில் திரும்பி வந்த கட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு, என் வலது சுண்டுவிரலின் அடிக்கணு வீங்கியது. மதுரையில் அறுவை சிகிச்சை. எலும்புக்குள் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தக் குழியை அடைத்தார்கள். "இது புற்றுநோய் இல்லம்மா. ஆனா சில பேருக்குப் பல வருஷம் கழிச்சும் திரும்ப வரும். வருஷம் ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்ததுமே அம்மா தீர்மானித்துவிட்டாள். "பொண்ணு வருசா வருசம் எலும்பு டாக்டர்ட்ட போறான்னு தெரிஞ்சா எவன் நம்ம வாசப்படி ஏறுவான்?" எக்ஸ்ரே படம் பரணுக்குப் போயிற்று. நானும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் கல்யாண ஆசை இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றி வர வேண்டும். மற்ற ஒன்பது விரல்களில் எதிலாவது வந்து தொலைத்திருக்கக் கூடாதா அந்தக் கட்டி! தழும்பு தெரியாமலிருக்க அம்மா மருதாணியை அள்ளி அப்பியிருந்தாள். மூன்று சுற்றும் என் கண் அந்த விரலிலேயே இருந்தது. அவர் பாட்டுக்குப் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இடுப்புத் தழும்பைப் பற்றிப் பிறகு கேட்டபோது, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். நம்பினார்.

ராஜபாளையத்தில் குடித்தனம் தொடங்கி ஏழெட்டு வருஷம் கழித்து, அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது அந்த விரல் சட்டென்று முறிந்தது. மறுபடி மதுரை, வேறு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "முன்னாடி இதுல ஆபரேஷன் நடந்திருக்கா?" என்றார். பக்கத்து நாற்காலியில் என் கணவர். "இல்ல சார்" என்றேன். டாக்டர் விரலைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். "அருவாமணை பட்டுச்சு" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "கட்டி புதுசா வந்ததா, திரும்பி வந்ததான்னு தெரியாம நான் கத்திய வைக்க மாட்டேன். விரல் வேணுமா வேண்டாமா, யோசிச்சுச் சொல்லுங்க."

விரல் வேண்டும். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் சொன்னேன், சைக்கிள் உட்பட.

கட்டி திரும்பித்தான் வந்திருந்தது. இந்த முறையும் சுரண்டி அடைத்தார்கள். விரல் தப்பியது, ஆனால் முழுக்க மடங்காது. ஊர் திரும்பும் பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போதுதான் கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். "பழைய ஆபரேஷன் கதைய எங்கம்மாட்ட சொல்லிராத. பம்புல அடிபட்டுச்சுன்னு சொல்லிக்கிடுவோம். வருசா வருசம் எக்ஸ்ரேக்குப் போனா அவிய கண்டுபிடிச்சிருவாவ, எக்ஸ்ரேய பொறவு பாத்துக்கிடலாம்."

என் பக்கம் நிற்கிறாரே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே எரிச்சல் பொங்கியது. இவரும் என் அம்மா மாதிரியே பேசுகிறார். "இன்னும் ஒளிச்சு வைக்கதுக்கு எங்கிட்ட வேற வெரல் கெடையாது" என்றேன். முன் ஸீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரிடம் நானே சொன்னேன். மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.