அந்தோணி அண்ணனை இறக்க ஒரு கிரேன்

போன செவ்வாய்க்கிழமை காலை அந்தோணி அண்ணன் வீட்டை விட்டுக் கீழே இறங்கினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

இறங்கினார் என்றால்… நாங்கள் இறக்கினோம். முந்தின நாள் சாயங்காலமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வாரம் யாங்கோன் பஸ்களில் இடம் பிடிக்கும் கலை பற்றி எழுதுவதாக இருந்தேன். கேலியும் கிண்டலுமாகப் பாதி எழுதியும் வைத்திருந்தேன். மீதி ஓடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எங்கள் கட்டடத்துக்காரர். யாங்கோனின் அலோன் பேட்டையில், படகுத்துறைப் பக்கம் இருக்கும் ஆறு மாடிக் கட்டடம். அவர் ஆறாவது மாடி, நான் மூன்றாவது. லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் அது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றுவதில்லை — கீழே வரும் காய்கறிக்காரியிடம் பால்கனியிலிருந்து கயிறு விட்டு வாங்கிக்கொள்வோம். மூட்டுவலி வந்தவர்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணன். மனைவி இல்லை. ஒரே மகள் ரோஸ்மேரி. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்தார்கள். அதோடு சரி. கட்டில், ஜன்னல், கட்டில்.

கீழே கொண்டுபோக முடியாதா என்ன? அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"உசுரோட இருக்கறவன நாலு பேரு தூக்கிக்கிட்டுப் படியெறங்கக் கூடாது தம்பி. அதுக்குன்னு ஒரு நாள் வரும்."

ஏறும்போது பரவாயில்லையாம். இறங்கும்போதுதான் ஆகாதாம்! ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன கிறிஸ்தவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பங்குச்சாமி சொன்னால்கூடக் கேட்கவில்லை.

போன மாதம் ரோஸ்மேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கரேன் இனத்துப் பையன், பெயர் சோ டேவிட். நல்ல பிள்ளை. மாமனாருக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவன். கல்யாணம் பக்கத்துத் தெரு சர்ச்சில்தான். ரோஸ்மேரிக்கு ஒரே ஆசை. அப்பா முன் வரிசையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கும் அதே ஆசைதான். ஆனால் படி என்ற பேச்சை எடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டடத்துக்குக் கிரேன் வரப்போவது தெரிந்தது. எங்கள் ஊர்க் கரண்ட் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியாததா? மொட்டை மாடியில் பெரிய ஜெனரேட்டர் வைக்கப்போகிறார்கள். அதுவும் கல்யாணத்துக்கு முதல் நாள்.

"அங்கிள், ஜெனரேட்டர் ஏத்துன பெறகு, அதே கிரேன்ல அப்பாவ எறக்கலாமில்ல? கூடையில உக்கார வெச்சு," என்றான் டேவிட். "ஹொட்லா, அப்பா? சரிதானே?"

அண்ணன் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாய் கோணாமல் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மந்திரி மாதிரி வானத்துலேருந்து எறங்குறேன்டா! தெருவே பாக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்க மாட்டார்கள்? துறைமுக வார்ஃபில் என் வேலையே அதுதான். கிரேன் எதைத் தூக்குவதற்கு முன்னாலும் உட்கார்ந்து யோசிப்பது. சாமான் என்ன எடை, எவ்வளவு தூரம் போக வேண்டும், தரை தாங்குமா, காற்று எப்படி, சைகை காட்டுவது யார்… எல்லாம் பார்த்து அந்த வேலை எந்த வகை என்று முடிவு செய்வது.

வகை மூன்று. தினமும் அதே கிரேன், அதே பெட்டி, அதே இடம் என்றால் சாதாரணம். குறுக்கே ஏதாவது இருந்தால், இடம் புதிது என்றால், அந்த வேலைக்கென்று தனியாகத் திட்டம் எழுத வேண்டும். மூன்றாவது, கிரிட்டிக்கல். கிரேனின் சக்தியை ஒட்டிய எடை, இரண்டு கிரேன் சேர்ந்து தூக்குவது, கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் தூக்குவது போன்றவை. ஆளைத் தூக்குவதும் அதில்தான் சேரும். எவ்வளவு ஒல்லியான ஆளாக இருந்தாலும் சரி. எங்கள் தொழிலில் அறுபது கிலோ மனிதன் ஆறு டன் ஜெனரேட்டரைவிடக் கனம்.

மறுநாளே கிரேன்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் காட்டிய கூடை, செங்கல் ஏற்றுவதற்காக வெல்டிங் வைத்தது. பாரம் அதிகமானால் கத்த வேண்டிய மீட்டரின் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார் — சும்மா சும்மா கத்துகிறதாம்! கிரேனை நிறுத்த அவர் குறித்திருந்த இடத்தில் அதன் ஒரு கால் சாக்கடை மூடிமேல் நிற்கும்படி இருந்தது. தலைக்கு மேலே கரண்ட் கம்பி.

அன்று சாயங்காலம் ஆறாவது மாடிக்கு ஏறினேன். டேவிட், ரோஸ்மேரி, கீழ்வீட்டு டோ கின் அம்மா, எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் தெரியுமா? கூடை, மீட்டர், சாக்கடை மூடி, கம்பி… ஒன்று விடவில்லை. கடைசியில் எங்கள் விதியையும் ஒப்பித்தேன். வேறு பத்திரமான வழியே இல்லை என்று பார்த்த பிறகுதான் மனிதரைக் கிரேனில் தூக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டும் என்பது விதி.

"அதனால இது முடியாது அண்ணே."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தெரிந்தவன் சொல்கிறான், பிறகென்ன?

"சரி தம்பி. நீ சொன்னா சரிதான்," என்றார் அண்ணன். பிறகு மகள் பக்கம் திரும்பி, "ரோசி… சட்டையக் கழட்டி உள்ள வைம்மா."

நான் இறங்கி வந்து நன்றாகச் சாப்பிட்டேன். ஒரு விபத்தைத் தடுத்துவிட்டோம் என்ற திருப்தி. தூக்கமும் நன்றாகவே வந்தது.

கிரேன் வந்தது. நான் சொல்லி, சாக்கடை மூடியை விட்டுத் தள்ளி நிறுத்தினார்கள். காலுக்கடியில் கனமான பலகை போட்டார்கள். மீட்டர் ஒயரைத் திரும்ப மாட்டினார்கள். கம்பியில் கரண்டை நிறுத்திய பிறகுதான் கொக்கியை அசைக்கவே விட்டேன். ஜெனரேட்டர் அழகாக மேலே போனது. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து கையாட்டினேன். அவரும் இடது கையை ஆட்டினார்.

கல்யாணத்தன்று ரோஸ்மேரியைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போக அப்பா வேண்டுமே? நான்தான் அழைத்துப் போனேன். அண்ணனே கேட்டுக்கொண்டார். டேவிட்டின் தம்பி செல்போனில் அவருக்கு வீடியோ காட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் லைன் அறுந்துவிட்டது. மோதிரம் மாற்றி முடிந்த பிறகுதான் திரும்ப வந்தது.

அன்று மத்தியானம் விருந்து டம்பாவ் பிரியாணியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"உள்ள நடந்து போறப்ப ரோசி அழுதுச்சா தம்பி?"

"இல்லண்ணே. சிரிச்சுக்கிட்டேதான் வந்துச்சு."

"பொய் சொல்லாத."

அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. போன திங்கட்கிழமை மறுபடி ஒரு பக்கவாதம்.

செவ்வாய் காலை, பிணம் தூக்கும் தர்மச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் படிக்கட்டு குறுகல். சவப்பெட்டி திரும்பாது. அதனால் பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டு, துணி ஸ்ட்ரெச்சரோடு மேலே ஏறினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். செருப்புகளைப் படியிலிருந்து அகற்றினார்கள். ஐந்தாவது மாடிக்காரர் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டார். திருப்பத்தில் ஒருவர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கை வலித்தவர் விலக, அடுத்த மாடிக்காரர் பிடித்தார். மூன்றாவது மாடியில் நான் பிடித்தேன்.

எவ்வளவு லேசாக இருந்தார் தெரியுமா, அண்ணன்?

அடுத்த திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் தோளைத் தொட்டார்.

விதியை ஒப்பித்தேனே… வேறு பத்திரமான வழி இருக்கிறதா என்று முதலில் பார் என்கிறது விதி. நான் அதைக் கதவைச் சாத்துவதற்குத்தான் உபயோகப்படுத்தினேன். அந்த வழியைத் தேட ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. வார்ஃபில் ஒரு இரும்புக் குழாய்க்குக்கூட அப்படிச் செய்ய மாட்டேனே! 'இந்தக் கிரேனில் முடியாது' என்று எழுதினால், அடுத்த வரியில் 'அப்படியானால் எப்படி' என்று எழுதாமல் ஷெட்டை விட்டு வெளியே வர மாட்டேனே!

நாலு பேர் ஆகாதா? ஆறு பேர் தூக்கியிருக்கலாம். படுக்கவைக்காமல், புதுச் சட்டையோடு நாற்காலியில் உட்காரவைத்து, மாடிக்கு மாடி ஆள் மாற்றி. எங்கள் கட்டடத்தில் ஆளா இல்லை? செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வந்தார்கள்! அண்ணன் முதலில் முறைத்திருப்பார். "இது மந்திரி ஊர்வலம் அண்ணே" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஒரு மணி நேரம் கெஞ்சியிருக்கலாம். கிரேனுக்காக இரண்டு நாள் அலைந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ரோஸ்மேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோபமாக இல்லை. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்கிள், நீங்க கிரேன் வேணாம்னு சொன்னது சரிதான். டேவிட்டும் அதத்தான் சொல்றாரு."

தலையாட்டினேன்.

"ஆனா படியில போலாம்னு நீங்க சொல்லியிருந்தா, அப்பா வந்திருப்பாரு. நாங்க சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க வேணாம்னு சொன்னத எவ்வளவு சுலுவா கேட்டாரு… பாத்தீங்கல்ல?"

பார்த்தேன், ரோசி.

சரியாகச் சொல்லிவிட்டு இவ்வளவு வருத்தப்பட முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.